கடைசிப் போரிலும் காலியாகாத பை

வாஷி ஒன்பதாம் செக்டரில் இருக்கும் அக்கா வீட்டில், அவள் மகன் நாலைந்து மாதமாக ஆடிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்தது. உலகம் காப்பாற்றப்பட்டாகிவிட்டது. ஆசுவாசமாக அவன் தன் பாத்திரத்தின் பையைத் திறந்து காட்டினான். அறுபதுக்கு மேல் மருந்துப் புட்டிகள், கற்றை கற்றையாக மந்திரச் சுருள்கள், பெயர் தெரியாத வேர்கள், காளான்கள்.

“எதுக்குடா இத்தனை?”

“கடைசி ஃபைட்டுக்குன்னு சேர்த்து வெச்சேன் மாமா.”

“அதான் முடிஞ்சுபோச்சே?”

“ஆமா. தேவைப்படல.”

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் அம்மா, ஷோகேஸில் முப்பது வருஷமாக விருந்தாளிக்காகக் காத்திருக்கும் பீங்கான் செட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

‘தேவைப்படல’ என்ற அந்த ஒற்றைச் சொல்லில் மாய உலக ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுகளின் பெருங்குறை ஒன்று அடங்கியிருக்கிறது. இவ்விளையாட்டுகள் மூன்று கால்களில் நிற்பவை. ஒன்று, ஆட்டம் தரும் சிரமம். இரண்டு, ஆயுதம் வடிப்பதும் மருந்து காய்ச்சுவதுமாகிய, ஆடுபவர்கள் ‘கிராஃப்டிங்’ என்றே சொல்லும் வேலை. மூன்று, இறுதிப் போர். இவற்றைத் தனித்தனியாக எடைபோடுவதே விமர்சகர்களின் வழக்கம். மூன்றும் ஒரே உரையாடலின் பகுதிகள் என்பது என் கட்சி. சிரமம் கேள்வி கேட்கிறது. கிராஃப்டிங் விடை தேடுகிறது. கற்றது நெஞ்சில் நின்றதா என்று இறுதிப் போர் சோதிக்கிறது. இந்தத் தொடர்பு அறுந்தால் சிரமம் வெறும் இழுவை ஆகும், கிராஃப்டிங் குமாஸ்தா வேலை ஆகும், இறுதிப் போர் வாணவேடிக்கை ஆகும்.

முதலில் சிரமம். இதில் எண்ணால் வருவது ஒன்று, அறிவால் வருவது இன்னொன்று. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டின் ஆகக் கடினமான ‘லெஜண்டரி’ நிலையில், நாம் கொடுக்கும் அடி கால் பங்காகக் குறைகிறது. நாம் வாங்கும் அடி மூன்று மடங்காகிறது. மற்றதெல்லாம் பழையபடிதான். ஓநாய்க்குப் புத்தி கூடவில்லை, சாக நேரம் பிடிக்கிறது, அவ்வளவே. அதற்கு முந்தைய ‘ஆப்ளிவியன்’ (2006) இன்னொரு வகை. நாம் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்வார்கள். நூறு காசு கேட்டு வழிமறிக்கும் சாதாரணத் திருடன், ஆட்டத்தின் பிற்பகுதியில் அரசர்களும் வாங்கத் தயங்கும் கண்ணாடிக் கவசத்தோடு வந்து நிற்பான். அதை விற்றால் அவன் ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம்! நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சம்பளம் ஏறும், கூடவே வாடகையும் ஏறும், கையில் நிற்பது எப்போதும் அதே தொகை. ஆனால் வளர்ந்தோம் என்ற உணர்வுக்காகத்தானே ஒருவர் இந்த விளையாட்டுக்கே வருகிறார்? அதையே ஆட்டம் பறித்துக்கொள்கிறது.

அறிவால் வரும் சிரமத்துக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ‘பால்டர்ஸ் கேட் 2’ (2000). அதில் டிஆர்னிஸ் கோட்டையைப் பூதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. வெட்டினால் விழும், சற்றுப் பொறுத்து எழும். நெருப்பாலோ அமிலத்தாலோ கதையை முடிக்க வேண்டும். பலம் இருந்தும் பயனில்லை, விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ‘டார்க் சோல்ஸ்’ (2011) இதையே தன் இலக்கணமாக்கிக்கொண்டது. ஒவ்வொரு சாவும் ஒரு பாடம். பத்தாம் முறை தோற்கும்போது எதிரியின் தோள் அசைவிலேயே அடி எங்கே விழும் என்று நமக்குத் தெரிகிறது. ஏறியது பாத்திரத்தின் எண் மட்டுமல்ல, ஆடுபவரின் கண்ணும்தான்.

இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ‘டார்க் சோல்ஸ்’ தன்னை எளிதாக்கிக்கொள்ள ஒரு தெரிவும் தராது. சி.எஸ்.எம்.டி.யில் வேலை முடித்து, ஹார்பர் லைனில் நின்றபடியே வந்து, இரவு ஒன்பதரைக்கு வாஷியில் இறங்குகிறவருக்கு ஆட்டத்துக்கென்று இருப்பது ஒரு மணி நேரம். அதில் ஐம்பது நிமிடம் ஒரே வாசலில் சாவதைப் பாடம் என்று அவரிடம் சொல்ல முடியாது. விரல் வேகம் குறைந்தவர், பார்வை மங்கியவர் பாடு இன்னும் கஷ்டம். அந்த வகையில் ‘விட்சர் 3’ (2015) தன் ஆக எளிய நிலைக்குக் ‘கதை மட்டும்’ என்ற பொருளில் பெயர் வைத்தது நல்ல மரியாதை. ‘உனக்குத் திராணியில்லை’ என்று அது ஏளனம் செய்யவில்லை, ‘நீ வந்தது கதைக்கு’ என்று ஒப்புக்கொள்கிறது. ஆக, கடினம் என்பதே தரம் ஆகிவிடாது. அது என்ன கேட்கிறது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும்.

அடுத்தது கிராஃப்டிங். டிஆர்னிஸ் கோட்டைக்கே திரும்புவோம். பூதங்கள் நிறைந்த அந்தக் கோட்டைக்குள் ஒரு சங்கிலிக் கதாயுதத்தின் மூன்று தலைகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. தேடியெடுத்து அங்குள்ள உலையில் சேர்த்தால் நெருப்பும் அமிலமும் குளிரும் ஒருங்கே தரும் ஆயுதம் பிறக்கிறது. பூதங்களை முடிக்கத் தேவையான அதே நெருப்பு, அதே அமிலம்! கேள்வியும் விடையும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டு கழித்தும் ஆடியவர்களுக்கு அந்த ஆயுதத்தின் பெயர் நினைவிருப்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்.

‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) கூட ஓரிடத்தில் இதைச் சாதிக்கிறது. நிலத்தடியில் ஒரு பழைய உலை. ஆறு அச்சுகள் கிடைக்கின்றன. ஆனால் உருக்குவதற்கான மித்ரில் தாது இரண்டு துண்டுதான். எனவே ஆறில் இரண்டே வடிக்கலாம். வாளா, கேடயமா, கவசமா என்று அரை மணி நேரம் மூளையைக் கசக்க வேண்டியிருக்கிறது. பற்றாக்குறை அங்கே யோசிக்க வைக்கிறது. அதோடு, உலையைக் காக்கும் கிரிம் என்ற இரும்பு அரக்கனை எரிமலைக் குழம்பில் நிற்கவைத்துச் சூடேற்றினால்தான் அடி ஏறும். உலையின் சம்மட்டியையே அவன் தலையில் இறக்கலாம். அதாவது, கொல்லன் இரும்பை எப்படி அடிப்பானோ அப்படியே எதிரியை அடிக்கிறோம்.

அதே விளையாட்டில் செடி பறித்துச் சாறெடுத்து மருந்து காய்ச்சும் பகுதிக்கு வந்தால் கதை வேறு. வழியெங்கும் மூலிகை. குனிந்து குனிந்து பறிக்கிறோம். வாஷி ஏ.பி.எம்.சி. மசாலா மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், மூட்டை மூட்டையாக மிளகாய் அடுக்கியிருப்பதால் சமையல் நடந்துவிடாது. அங்கே நடப்பது எடைபோடுதலும் கணக்கெழுதுதலும். ‘ஸ்கைரிம்’ இதன் உச்சம். கொல்லுத்தொழிலில் தேற, இரும்புக் குறுவாளை நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். பிறகு வந்த திருத்தம், செய்யும் பொருளின் மதிப்புக்கேற்பத் தேர்ச்சியைக் கணக்கிட்டது. உடனே குறுவாள் போய்த் தங்க மோதிரம் வந்தது. தொழிற்சாலை அதேதான், சரக்குதான் மாறியது.

ஓட்டைகளுக்குள்ளும் ஒரு இன்பம் இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘மோரோவிண்ட்’ (2002) விளையாட்டில் அறிவைக் கூட்டும் மருந்தைக் குடித்துவிட்டு மருந்து காய்ச்சினால் அது இன்னும் வீரியமாக வரும். அதைக் குடித்துக் காய்ச்சினால் மேலும் வீரியம். நாலு சுற்றில் நாம் தெய்வம். விளையாட்டு உடைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அதை உடைத்தது நம் மூளை. நூறாவது குறுவாளுக்கு அந்தப் பெருமை கிடையாது.

சேர்த்துவைக்கும் கஞ்சத்தனத்துக்கு மருந்து தேடியவர்களும் உண்டு. ‘விட்சர் 2’ (2011) போருக்கு முன் தியானத்தில் அமர்ந்துதான் மருந்து குடிக்க முடியும் என்று விதித்தது. எண்ணம் அழகு. வேட்டைக்குப் போகிறவன் தயாராகத்தானே போவான்? ஆனால் அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் எதற்குத் தயாராவது? ‘விட்சர் 3’ அந்த விதியைத் தளர்த்தியது. ஒருமுறை காய்ச்சிய மருந்து, மதுவை வைத்துத் தியானம் செய்தாலே மறுபடி நிரம்பும். ‘டார்க் சோல்ஸ்’ தரும் குடுவையும் ஒவ்வொரு தீமூட்டத்தருகிலும் நிரம்பிவிடும். நிரம்பும் என்று தெரிந்தால் கை தயங்குவதில்லை. ஆனால் இதற்கும் விலை உண்டு: ‘விட்சர் 3’இல் ஒரு கட்டத்துக்கு மேல் காட்டுச் செடிக்கு மதிப்பில்லை. கஞ்சத்தனம் போனது, தேடலும் கூடவே போனது.

மூன்றாவது, இறுதிப் போர். நம்மவர்களுக்கு இது புதிய சமாச்சாரமா என்ன? ஐப்பசி சஷ்டியன்று திருச்செந்தூர் கடற்கரையில் லட்சக்கணக்கானோர் பார்ப்பது அதைத்தானே? யானைமுகத் தாரகன், சிங்கமுகன், பிறகு சூரபத்மன் என்று அசுரனின் தலை மாறிக்கொண்டே வரும். விளையாட்டுக்காரர்கள் இன்று ‘ஃபேஸ்’ என்று சொல்லும் கட்டங்கள். கடைசியில் சூரன் மாமரமாகிறான், வேல் பிளக்கிறது, ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். அந்த வேல் தாய் கொடுத்தது, முன்பே கையில் இருப்பது. உரிய நேரத்தில் அது கையை விட்டுப் போகிறது. ஷோகேஸில் தங்கிவிடவில்லை. வென்ற பிறகு பகைவன் வாகனமாகவும் கொடியாகவும் கூடவே வருகிறான். முடிவு எல்லோருக்கும் தெரிந்த போர் இது. ஆனாலும் ஆண்டுதோறும் கூட்டம் குறைவதில்லை. வெல்வது யார் என்பதைவிட வெற்றி எதை மாற்றியது என்பதே ஒரு இறுதிப் போரின் எடை.

இந்தத் தராசில் வைத்தால் ‘ஆப்ளிவியன்’ தாழ்ந்துபோகிறது. அதன் முடிவில் அசுர இளவரசனோடு மோதுவது இன்னொருவர். அவர் நெருப்பு டிராகனாக உருமாறிப் போரிட, ஐம்பது மணி நேரம் உழைத்த நாம் வேடிக்கை பார்க்கிறோம். ‘ஸ்கைரிம்’ வீழ்ச்சி எதிர்த்திசையில். கிராஃப்டிங்கில் தேறிவிட்டவருக்கு உலகை விழுங்க வந்த அல்டுயின் சில நிமிட வேலை. ‘மோரோவிண்ட்’ தப்பிக்கிறது. அதன் இறுதி எதிரியான டகோத் ஊர் என்பவனை நேராக அடித்துக் கொல்ல முடியாது; அவன் உயிர் ஒரு தெய்வத்தின் இதயத்தில் இருக்கிறது. உரிய கையுறை அணிந்து, சம்மட்டியால் ஒரு தட்டு, பிறகு கத்தியால் குத்து என்று முறை உண்டு. கையுறை இல்லாமல் அந்தக் கருவிகளைத் தொட்டால் தொட்டவருக்கே ஆபத்து. பூதத்துக்கு நெருப்பு என்ற பாடத்தின் உயர்நிலை வகுப்பு இது. மாய உலகம் அல்லாத ‘ஃபால்அவுட்’ (1997) இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘நீ உருவாக்கும் இனத்துக்குச் சந்ததியே கிடையாது’ என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னால், ஒரு குண்டும் சுடாமல் எதிரித் தலைவன் தானே அழிந்துபோகிறான். வழியெல்லாம் விசாரித்துச் சேர்த்த செய்திதான் அங்கே ஆயுதம்.

நம் பக்கத்தில் என்ன நிலை? வாஷியிலிருந்து காட் ஏறினால் புனே. அங்குள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’, முழு ஆர்பிஜி அல்ல, சண்டையும் தாவலும் கலந்த சாகச ஆட்டம். என்றாலும் இந்தியத் தொன்மத்தை வைத்து உலகம் திரும்பிப் பார்க்கும்படி செய்தது அது. அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பட்டியலிலும் இடம்பெற்றது. ராஜஸ்தானக் கோட்டைகளின் சாயல், துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லும் குரல்கள், சுவர்த் தூண்களில் சுழன்றேறி அடிக்கும் சண்டை எல்லாமே அழகு. கிராஃப்டிங் கிடையாது, உருண்டைகள் சேர்த்து ஆயுதத்தின் ஆற்றலைக் கூட்டுவதோடு சரி. சிறிய குழுவுக்கு அது புத்திசாலித்தனமான சிக்கனம். குறை முடிவில் இருக்கிறது. மகாபலாசுரனோடு போர் வருகிறது, ஆனால் தம்பியைத் தேடிப் புறப்பட்ட அக்காவின் கதை சட்டென்று நின்றுபோகிறது. கொடியும் வாகனமும் இல்லாத சம்ஹாரம். வேலும் சூலமும் அசுரர்களும் நம்மிடம் ஏராளம். சூரன் ஏன் மயிலாக வேண்டும் என்று யோசிக்கும் விளையாட்டுக்குத்தான் காத்திருக்கிறோம்.

இனி அக்கா மகனின் பைக்கு வருகிறேன். ‘பால்டர்ஸ் கேட் 3’ முடிவு மோசமானதல்ல. வழியில் யாருக்கெல்லாம் உதவினோமோ அவர்களெல்லாம் படையாக வந்து நிற்கிறார்கள். நெஞ்சில் மாய வெடியைச் சுமக்கும் கேல் என்ற தோழன் விரும்பினால் இறுதி எதிரியான ராட்சத மூளையின் மேல் நின்று தன்னையே வெடித்துக்கொண்டு போரை முடிக்கலாம். நட்பைச் சோதிக்கும் விதத்தில் அது நல்ல இறுதிப் போர். ஆனால் மருந்துப் புட்டியை அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளிவந்த சில மாதங்களில் சேர்க்கப்பட்ட ‘ஹானர்’ நிலை இதற்கு ஓரளவு பரிகாரம். ஒரே ஒரு சேமிப்பு. தோற்றால் பின்னால் போய்த் திருத்த முடியாது. பெரிய எதிரிகளுக்குப் புதிய தந்திரங்களும் உண்டு. எண்ணை ஏற்றுவதோடு நிற்காமல் பயத்துக்கு ஒரு பொருள் கொடுத்ததால் இதைச் சேர்த்தவர்களுக்குப் பாதி மதிப்பெண் தரலாம். மீதிப் பாதி, தினம் ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவர் இதன் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்பதற்காகப் பிடித்துவைத்தது.

போன வாரம் அவன் போன் செய்தான். ஹானரில் தொடங்கி, முதல் பாகத்திலேயே அந்த உலை அரக்கனிடம் தோற்றுவிட்டானாம். ஆனாலும் குரலில் என்னவோ உற்சாகம்.

“பையில எவ்வளவுடா மிச்சம்?”

“ஒண்ணுமே இல்ல மாமா. எல்லாத்தையும் குடிச்சிட்டுத்தான் செத்தேன்.”