குடையை எழுதுதல்

விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பட்டம் பெற்று, லண்டனில் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேரும் இளைஞன், 1882-ல் ஸ்தாபிதமாகி 1891-ல் ராஜ சாசனம் பெற்ற அத்தொழிலின் சங்கத்தில் முழுத் தகுதியோடு இடம்பெற நாலைந்து வருஷங்களும் கடினமான பரீட்சைகளும் காத்திருக்கின்றன என்பதை அறிந்தே வருகிறான். அவன் கற்க வேண்டிய வித்தைகளுள் நான் பெரிதும் ரசிப்பது, கண்டுபிடிப்பின் காப்பு எதுவரை செல்லும் என்று எல்லை வகுக்கும், எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியமாக அமைய வேண்டிய உரிமைக்கோரிக்கையை எழுதும் கலை.

ஒரு குடையை எழுதச் சொன்னால், மரக் கைப்பிடி, எட்டு இரும்புக் கம்பிகள், கறுப்புத் துணி என்று அவன் சிரத்தையாக வர்ணிப்பான். மூங்கில் பிடியும் ஏழு கம்பியும் வைத்துச் செய்பவன் சிரித்துக்கொண்டே தப்பிவிடுவான். ஆகவே பெரியவரின் பேனா மரத்தை அடிக்கும், எட்டை அடிக்கும், கறுப்பையும் அடிக்கும். (கவிகள்கூட அடைமொழிகளை இத்தனை நிர்த்தாட்சண்யமாகக் களைவதில்லை.) விரியவும் மடங்கவும் கூடிய சட்டம், அதன்மேல் போர்த்திய உறை என்று சுருங்கியதும், புராதனமான கூடாரமும் அதற்குள் அடங்கிவிட, புதுமை பறிபோகிறது, கையில் பிடிக்கும் தண்டு மறுபடி உள்ளே வருகிறது.

வணிகச் சின்னத் துறையை நாடும் இளைஞனின் சிரமம் வேறு. 1876 ஜனவரி 1-ந் தேதி பிரிட்டனில் முதலாவதாகப் பதிவான பாஸ் மதுபானக் கம்பெனியின் சிவப்பு முக்கோணத்தைப் போன்ற ஒன்றைப் பிறர் சாயலாக வரைந்தால், இரண்டையும் அருகருகே வைத்து நுணுக்கமாக ஒப்பிட்டுப் பயனில்லை. என்றோ கண்டதன் மங்கலான ஞாபகத்தோடு கடைக்கு வருபவன் மயங்குவானா என்றே பார்க்க வேண்டும்.