நாள்தோறும் நிகழும் பிரிவு: புறநகர் வாழ்வும் தமிழ்ப் புனைகதையும்

பொருள்வயிற் பிரிவு நம் அகப்பாடல்களுக்குப் பழகிய துறை. தலைவன் பொருள் தேடிப் புறப்படுகின்றான். தலைவி கார்காலம் நோக்கிக் காத்திருக்கின்றாள். இப் பிரிவுகளுக்குக் கால எல்லையும் உண்டு. வேந்தன் தொழில் காரணமாகப் பிரிபவன் ஓராண்டுக்குள் மீளவேண்டும் என்றும், பொருள் முதலிய ஏனைப் பிரிவுகளுக்கும் அதுவே அளவு என்றும் தொல்காப்பியர் கற்பியலில் வரையறுத்துள்ளார். மைய அரசு அலுவலகத்து எழுத்தனாகிய எனக்கு, வேந்துறு தொழிலைப் பற்றிய அந்த நூற்பாவைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றும்.

டோம்பிவிலியில் குடியிருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்திற்குச் செல்பவருக்கு, வீட்டு வாசலிலிருந்து நாற்காலி வரை இரண்டு மணி நேரம் ஆகும், திரும்பவும் அவ்வளவே. ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று கொண்டால் 960 மணி. முப்பத்து மூன்று ஆண்டுப் பணிக்கு 31,680 மணி, அதாவது 1,320 நாள். ஆசிரியர் அளித்த ஓராண்டு எல்லையைக் கடந்து மூன்றரை ஆண்டுக்கு மேல் போய்விடுகின்றது. ஒரே வேறுபாடு, இப் பிரிவு காலையில் தொடங்கி இரவில் முடிந்து மறுநாள் காலையில் மீண்டும் தொடங்குகின்றது. இத்தகைய பிரிவைப் பாட நம்மிடம் துறை இல்லை. அக் குறை இக்காலப் புனைகதையிலாவது தீர்ந்ததா என்பதே ஈண்டு என் கேள்வி.

இவ்வூர்கள் எழுந்த விதத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். 1853இல் தாணா வரை ஓடிய இருப்புப்பாதை மறு ஆண்டே கல்யாணை எட்டிற்று. ஆயினும் தமிழர் நெடுங்காலம் மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பகுதிகளிலேயே செறிந்திருந்தனர். 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய குடித்தனக்காரரைக் காத்தது. அதே சட்டத்தால் புதிதாக வாடகைக்கு விடுவோர் அருகினர். பகடி கொடுக்க இயலாதவர் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு வடக்கே நகர்ந்தனர். அரசுக் குடியிருப்பில் இருந்தோரும், ஓய்வுபெறும் நாளில் அதைக் காலிசெய்ய வேண்டுமே என்னும் அச்சத்தால், வீட்டுக் கடன் முன்பணம் பெற்று டோம்பிவிலியிலும் அம்பர்நாத்திலும் இரண்டு அறை வாங்கினர். கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி 1983இல் அமைந்தது. ஏட்டில் மாநகரே ஆயினும் வாழ்பவருக்கு அது வண்டி பிடிக்கும் ஊர்.

இனி நூல்களுக்கு வருவோம். மும்பைத் தமிழர் வாழ்வை எழுதியவர்களுள் முதலிடம் நாஞ்சில் நாடனுக்கே உரியது. 1970களிலும் 1980களிலும் இங்குப் பணிபுரிந்தவர் அவர். ஆனால் இங்கிருந்தபோது 1977இல் அவர் வெளியிட்ட முதல் நாவலாகிய ‘தலைகீழ் விகிதங்கள்’ நாஞ்சில் நாட்டையே களமாகக் கொண்டது. இதில் குறை காண்பதற்கில்லை. தொலைவில் இருப்பவனுக்குத்தான் ஊர் துல்லியமாகத் தெரியும். பின்னர் ‘மிதவை’யில் வேலை தேடிப் பம்பாய் வந்து சேரும் பட்டதாரியையும், ‘சதுரங்கக் குதிரை’யில் மணமாகாமலே நடுவயதை எய்தும் ஒருவனின் தனிமையையும் காட்டினார். மிகையின்றி எழுதப்பெற்ற நூல்கள் அவை. எனினும் அவ்விருவரும் தனியர். பெட்டியைக் கையில் எடுத்தால் ஊருக்குப் போய்விடக் கூடியவர்கள். கடனில் வீடு வாங்கி, பிள்ளைகளை மராத்தி கற்கும் பள்ளியில் சேர்த்து, தண்ணீர் வரும் நேரத்திற்காக விழித்திருந்து, இவ்வூர்ச் சுடுகாட்டிலேயே தன் கதை முடியும் என்று அறிந்துவிட்ட இல்லறத்தான் அந் நூல்களின் நடுவிடத்திற்கு வரவில்லை. நம் மலர்களைப் படிப்பவருள் பெரும்பாலோர் அவனே.

தில்லியை எழுதிய ஆதவனின் குறை வேறு வகையானது. ‘காகித மலர்கள்’ உயர் அதிகாரி ஒருவரின் குடும்பத்தை நடுவாக வைத்து, ஒவ்வொருவரும் அணியும் வேடத்தை உரித்துக் காட்டுகின்றது. அவ்வளவு கூர்மையாக மனத்தைப் பார்த்தவர் தமிழில் சிலரே. ஆயின் அவருக்குப் பின் வந்த சிறுகதையாளர் பலர் அக் கூர்மையை விட்டு, சலிப்பை மட்டும் பற்றிக்கொண்டனர். மின்வண்டி ஒன்று கதையில் நுழைந்தவுடன் ‘இயந்திர வாழ்க்கை’ என்னும் தொடரும் கூடவே ஏறிக்கொள்கின்றது. இடம் இல்லை என்றாலும் இறங்க மறுக்கின்றது! இத் தொடரை எழுதியவர் உண்மையில் அவ் வண்டியில் ஏறியவர்தாமா என்று ஐயுறுகின்றேன். மூவர் அமரும் பலகையில் நான்காமவனுக்குப் பாதி இடம் தருவது இயந்திரம் செய்யக் கூடியதா? அமர்ந்து செல்ல வேண்டி டோம்பிவிலியில் ஏறிக் கல்யாண் வரை எதிர்த்திசையில் சென்று அதே வண்டியில் திரும்பும் தந்திரமும், தாளம் தட்டி அபங்கம் பாடும் பஜனைக் கூட்டமும், நாள்தோறும் வருபவர் ஒருவர் நான்கு நாள் வராவிட்டால் வீடு தேடிச் செல்லும் நட்பும் அங்கு உண்டு. கொடுமையும் உண்டு. தமக்கென வகுத்துக்கொண்ட இடத்தில் புதியவனை நிற்கவும் விடாத குழுக்கள் அதே பெட்டியில்தான் பயணம் செய்கின்றன. அன்பும் கொடுமையும் ஒரே மனிதரிடம் இருப்பதைக் காண்பதன்றோ நாவலாசிரியன் வேலை?

2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே, நெரிசலால் வாயிற்படியில் தொங்கிச் சென்றவர்கள் ஓடும் வண்டியிலிருந்து விழுந்து மாண்டனர். நாளிதழ்கள் எண்ணிக்கையை எழுதின. அன்று மாலையும் அதே பாதையில் அதே வாயிற்படியில் நின்று வீடு திரும்பியவர்களின் மனம் எத்தகையது என்பதை எண்ணிக்கை சொல்லாது. அது இலக்கியத்தின் பொறுப்பு.

பெண்களின் பெட்டியை எடுத்துக்கொண்டால் நம் வறுமை இன்னும் தெளிவாகும். இரவுச் சமையலுக்கான காயை வண்டியிலேயே நறுக்கி முடிப்பதும், முழங்கால் மேல் நோட்டை விரித்துப் பிள்ளையின் கணக்கைத் திருத்துவதும், அறிமுகமற்றவள் தோளில் சாய்ந்து உறங்குவதும் அங்கே அன்றாடம். தலைவியும் பொருள்வயிற் பிரிந்துவிட்ட இல்லம் இது. காத்திருப்பவள் மாமியாராகவோ பள்ளிவிட்டு வந்து தானே கதவைத் திறந்துகொள்ளும் சிறுமியாகவோ இருக்கலாம். அம்பை ஒருவரே இத்திசையில் உறுதியாக நடந்தவர். ‘பயணம்’ என்னும் தலைப்பிலேயே எண்ணிட்டுப் பல கதைகள் எழுதினார். ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ தொகுப்பில் மும்பையையே துப்பறியும் கதைகளின் களமாக்கினார். அவர் மாந்தர் இந்நகரில் விருந்தினரல்லர் என்பது எனக்குப் பெரு நிறைவு. அவருடைய நகர் அந்தேரியோடு நின்றுவிடாமல் கல்யாண் பாதைக்கும் வந்திருக்கலாகாதா என்பது ஓர் அண்டை வீட்டானின் ஆசை.

‘எழுத என்ன இருக்கிறது அங்கே? ஆறில்லை, கோபுரமில்லை’ என்பாருக்கு அசோகமித்திரன் 1973லேயே விடை தந்துவிட்டார். ‘தண்ணீர்’ நாவலில் இருப்பது சென்னைத் தெரு ஒன்றும், வறண்ட குழாயும், ஜமுனா என்னும் பெண்ணும்தான். மராத்தியரைப் பாருங்கள். பு.ல. தேஷ்பாண்டே கிர்காவின் ஒரு சாளை ‘பட்டாட்யாச்சி சாள்’ என்னும் நூலாக்கி, மராத்தி வீடுதோறும் சிரிக்க வைத்தார். அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாடு 2017இல் டோம்பிவிலியிலேயே கூடிற்று. நாம் ‘உறங்க மட்டும் வருமிடம்’ என்று ஒதுக்கும் ஊரை அவர்கள் இலக்கியம் பேசும் ஊராகக் கொண்டனர்.

இறுதியாக மொழி பற்றி. கரிசலுக்கும் கொங்குக்கும் நாஞ்சிலுக்கும் வட்டார வழக்கு உண்டென ஒப்பிய நம் விமர்சகர்கள், ‘காடி சுட்டுப் போச்சும்மா, அடுத்ததுலே வரேன்’ என்று சொல்லும் டோம்பிவிலிப் பெண்ணின் பேச்சைக் கண்டால் சிதைவு என்கின்றனர். மராத்தியின் வினை தமிழின் துணைவினையோடு அங்கே எவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கின்றது! அவள் தமிழ் எழுத்து அறியாதவளாக வளர்வதற்கு நாம் பல காரணம் கூறுகின்றோம். அவள் வாயில் வரும் தமிழைப் பேசும் ஒரே ஒரு பாத்திரத்தையேனும் அவள் கையில் நாம் இதுவரை கொடுத்ததில்லை என்பதை அக் காரணங்களுள் ஒன்றாக எவரும் கூறக் கேட்டிலேன்.