கவிஞரும் இரகசியப் போலீஸ் என்னும் வாசகரும்

சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் பிள்ளைகள் பாரதியார் பாடல்களை மனப்பாடம் செய்கின்றனர். அவற்றை இயற்றியவர் அண்டையிலுள்ள கடலூர்ச் சிறையில் அடைபட்டிருந்தார் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

1908-இல் 'இந்தியா' இதழின் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் ராஜத்துரோகக் குற்றத்திற்காக ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். ஆங்கில அரசின் ஒற்றர்கள் அங்கும் அவரை நிழலெனத் தொடர்ந்தனர். 1911-இல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்கள் தடை செய்யப்பட்டன. 1918 நவம்பர் 20-ஆம் நாள், உலகப்போர் ஓய்ந்து ஒன்பதே நாள் கடந்திருந்தபோது, எல்லை தாண்டிய கவிஞர் போர்க்காலச் சட்டத்தின்கீழ்க் கைதானார். வழக்கு விசாரணை ஏதுமின்றி டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையே அவருக்கு உறைவிடமாயிற்று. விடுதலைக்கு விதித்த நிபந்தனைகளுள் ஒன்றே நம் கருத்துக்குரியது: அவர் எழுதுவதை இரகசியப் போலீஸ் உயரதிகாரி பார்த்து ஒப்பிய பின்னரே வெளியிட வேண்டும்!

பாரதியின் இறுதிக்கால உரைநடையில் அரசியல் வேகம் தணிந்து கனிவு மிகுந்ததென்பர். இருக்கலாம். ஆனால் அக்கனிவில் எவ்வளவு கவிஞருடைய முதிர்ச்சி, எவ்வளவு அவ்வதிகாரியின் நிழல் என்று வினவாத திறனாய்வு முழுமையானதாகாது.

நல்ல வாசகர் திருத்தும் முறை வேறு. 1920-இல் வெளிவந்த 'ரயில்வே ஸ்தானம்' கதையில், ஒரு முஸ்லிம் உடன்பிறந்த சகோதரியர் மூவரை மணந்ததாகப் பாரதி எழுதிவிட்டார். ஒரே காலத்தில் சகோதரியரை மணத்தல் ஷரீஅத்தில் விலக்கப்பட்டதென முஸ்லிம் நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டினார். பாரதி அதனை ஏற்றுத் திருத்தக் குறிப்பும் எழுதினார். அந்த நண்பரிடம் சட்டமும் இல்லை, சிறையும் இல்லை. மார்க்க அறிவும் நட்பும் இருந்தன.

இது பாரதியோடு முடிந்த கதையன்று. 124-ஏ பிரிவு 1870-இல் தண்டனைச் சட்டத்தில் புகுந்தபோது, வஹ்ஹாபி இயக்கத்தைப் பற்றிய அச்சமும் ஆட்சியாளர் உள்ளத்தில் இருந்தது. 1922-இல் மௌலானா ஆசாத் அப்பிரிவின்படியே ஓராண்டுத் தண்டனை ஏற்றார். செயலைவிட, அரசின்பால் வெறுப்பு என்னும் உணர்ச்சியையே அது குற்றமாக்கியது. உணர்ச்சியை அளக்கும் பொறுப்பு முதலில் போலீசாரின் கையில் விழுந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள நியாய சம்ஹிதையில் ராஜத்துரோகம் என்னும் பெயர் இல்லை. 152-ஆம் பிரிவு இருக்கிறது. பேச்சும் எழுத்தும் அதற்குள் அடங்கும்.