மண்டையோட்டுக் கோபுரத்தை வைத்து நடக்கும் அரசியல்

மெக்சிகோ நகரின் குவாத்தமாலா தெருவில், பழைய வீடொன்றின் அடியில் 2015இல் அஸ்டெக் காலத்து வட்டக் கோபுரம் ஒன்று வெளிப்பட்டது. சுண்ணாம்புக் காரையால் பிணைத்து அடுக்கிய மனித மண்டையோடுகள். 2020 முடிவதற்குள் எண்ணிக்கை 600ஐத் தாண்டியது. பெண்கள், குழந்தைகளின் மண்டையோடுகளும் அவற்றில் இருந்தன. அஸ்டெக் நரபலி ஸ்பானியர் கட்டிவிட்ட கதை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அந்த வன்முறையை மறைக்காமல் காட்டும் எழுத்திலும் படத்திலும் ஒரு நேர்மை இருக்கிறது. பலியானவர்களில் பலர் போரில் பிடிபட்ட அண்டை நாட்டார். அஸ்டெக் பேரரசின் நெருக்கடியில் வாழ்ந்த தலாக்ஸ்கலா மக்கள் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸுடன் ஏன் கைகோத்தார்கள் என்பதை இதைச் சொல்லாமல் விளக்க முடியாது. மெக்சிகோவில் அவர்களைத் துரோகிகள் என்று நெடுங்காலம் பழித்ததற்கு, அவர்கள் பட்ட பாட்டை மறந்ததும் ஒரு காரணம்.

ஆனால் உண்மையோடு மிகையும் சேர்ந்தே வருகிறது. 1487இல் அஸ்டெக் தலைநகரின் பெருங்கோயில் குடமுழுக்கின்போது நான்கு நாளில் 80,400 பேர் பலியிடப்பட்டதாகத் ஸ்பானியப் பாதிரியார் துரான் எழுதினார். இரவு பகல் ஓயாமல் நடந்திருந்தாலும் நிமிடத்துக்குப் பதினான்கு பேர்! நம்பத்தக்க கணக்கல்ல; ஆனாலும் இன்றுவரை மேற்கோளாக உலவுகிறது.

அதைவிடப் பெரிய குறை, ஒரு தரப்பின் கொலையை மட்டும் பொறுக்கிக் காட்டுவது. 1550இல் ஸ்பெயினின் வயாதோலித் நகரில் நடந்த விவாதத்தில் ஸ்பானிய அறிஞர் செபுல்வேதா, படையெடுப்பு நியாயமானதே என்பதற்கு நரபலியைக் காரணம் காட்டினார். 2021 ஆகஸ்ட் 13 அன்று, அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்த 500ஆம் ஆண்டு நாளில், ஸ்பெயினின் வோக்ஸ் கட்சி அதே வாதத்தைத் தூசி தட்டியது: லட்சக்கணக்கானோரை அஸ்டெக் கொடுங்கோன்மையிலிருந்து ஸ்பெயின் விடுவித்ததாம். 1519இல் சோலுலாவில் ஸ்பானியர் நடத்திய படுகொலையும், 1520இல் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை கோர்ட்டெஸின் துணைத்தளபதி அல்வராதோவின் வீரர்கள் வெட்டிச் சாய்த்ததும் அந்தப் பெருமிதத்தில் இடம்பெறவில்லை.

நரபலி பற்றிய இந்தச் சித்திரிப்பு மெக்சிகோவின் உள்நாட்டு அரசியலையும் தொட்டிருக்கிறது. 1968இல் மெக்சிகோ நகரின் தலாத்தெலோல்கோவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கவிஞர் ஒக்டாவியோ பாஸ் அதில் பழைய பிரமிடின் பலிச்சடங்கு தொடர்வதைக் கண்டார். அதிகாரத்தின் மனப்போக்கைப் பிடித்துக்காட்டிய கூர்மையான பார்வை அது. ஆனால் அன்று சுட்டது தெய்வமல்ல; அன்றைய அதிபர் தியாஸ் ஓர்தாஸ் அரசின் துப்பாக்கிகள். பழைய சாபம் என்று சொல்லிவிட்டால், பதில் சொல்லவேண்டியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

பலிபீடத்தில் இறந்தவருக்காக உண்மையிலேயே வருந்துபவர், சோலுலாவில் இறந்தவருக்காகவும் வருந்தியாக வேண்டும். பாடநூல்களும் திரைப்படங்களும் இந்த இரண்டு கொலைகளையும் அடுத்தடுத்து வைக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கும் வரை, செத்தவர்கள் யாரோ ஒருவரின் வாதத்துக்குச் சாட்சிகளாக மட்டுமே மிஞ்சுவார்கள்.