போவுக்கு கிட்டார் வராது

ஒரு ஷூ விளம்பரத்துக்கு விமரிசனமா என்று முறைக்காதீர்கள். சில சினிமாக்களைவிட இதில் விஷயம் இருக்கிறது.

1989-ல் நைக்கி கம்பெனிக்காக ஜிம் ரிஸ்வால்ட் எழுதியது. யூட்யூபில் கிடைக்கிறது, பாருங்கள். கதாநாயகன் போ ஜாக்சன். (விரட்டவில்லை, பெயரே ‘போ’தான்.) ஆசாமி பேஸ்பால் ஆடுகிறார், அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறார். பின்னது காலால் உதைக்கிற நம் ஃபுட்பால் இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். இரண்டுமே போவுக்குத் தெரியும் என்று அந்தந்த ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். பாஸ்கெட்பாலுக்கு மைக்கேல் ஜார்டன் சாட்சி. டென்னிஸுமா என்று மெக்கென்ரோ புருவம் உயர்த்துகிறார். ஐஸ் ஹாக்கி மன்னர் கிரெட்ஸ்கி மட்டும் ஒரே வார்த்தையில், ‘இல்லை’. கடைசியில் போ கிட்டாரை எடுத்துக் கொலை செய்ய, பாடகர் போ டிட்லி ‘உனக்கு ஒரு மண்ணும் தெரியாது’ என்கிறார். அமெரிக்கக் கொச்சையில் ‘டிட்லி’ என்றால் ஒன்றுமில்லை. சிலேடை அங்கே.

விளம்பரம் ஜெயித்தது அந்தக் கிட்டாரால்தான் என்பது என் கட்சி. சகலகலாவல்லவனைக் காட்டினால் கொட்டாவி வரும். திணறுகிற வல்லவனைப் பிடித்துப்போகிறது.

இத்தனைக்கும் நிஜ போ அளந்துவிட்ட கதை இல்லை. 1987 நவம்பர் 30, அவருடைய 25-வது பிறந்தநாள். ஸியாட்டிலில் 221 கெஜம் ஓடினார். அதில் 91 கெஜம் ஒரே ஓட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல், டிரெஸ்ஸிங் ரூம் போகிற சுரங்கவழிக்குள் மறைந்துபோனார். 1989 ஜூலை 11, பேஸ்பால் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் முதல் ஆளாக பேட் பிடித்து 448 அடி தூரத்துக்கு ஒரு ஹோம்ரன். கமென்ட்ரி அறையில் விருந்தாளி, ரொனால்ட் ரீகன்! அதே ஒளிபரப்பில்தான் இந்த விளம்பரத்தையும் போட்டார்கள். இதைவிட ஒரு நேரப்பொருத்தத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வேறு போ. பேஸ்பாலில் 694 ஆட்டங்கள், 141 ஹோம்ரன், 841 தடவை ஸ்ட்ரைக் அவுட். 1989-ல் மட்டும் 172. அந்த லீகிலேயே அதிகம். சராசரி .250, சுமார்தான். ஃபுட்பாலைத் தன் ‘ஹாபி’ என்று வேறு சொல்லிவைத்தார் மனுஷர். பேஸ்பால் சீசன் முடிந்ததும் போய் ஆடுவார். நாலு சீசனில் மொத்தம் 38 ஆட்டங்கள்.

விளம்பரத்தில் எனக்குள்ள ஒரே சண்டை இதில்தான். இதிலிருந்து அதற்கு, சட்டை மாற்றுகிற மாதிரி சிரித்துக்கொண்டே தாவுகிறார். உடம்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. 1991 ஜனவரி 13, அந்த ஹாபியில் ஒருவர் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் இடுப்பு மூட்டு நழுவியது. ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துவிட்டது. ஃபுட்பால் அன்றோடு சரி. 1992-ல் செயற்கை மூட்டு.

அதை வைத்துக்கொண்டு 1993-ல் சிக்காகோவுக்கு ஆட வந்து, முதல் முறை பேட் பிடித்தபோதே ஹோம்ரன் அடித்தார் பாருங்கள், அதற்கு எந்த ஏஜென்ஸியும் ஸ்கிரிப்ட் எழுதவில்லை. அந்த வருஷம் மொத்தம் 16. அடுத்த வருஷம்தான் கடைசி சீசன்.

2017-ல் ஒரு பேட்டியில், தலையில் படுகிற அடிகள் பற்றி இப்போது தெரிவது அப்போது தெரிந்திருந்தால் ஃபுட்பால் பக்கமே போயிருக்க மாட்டேன் என்றார்.