ஏசாயா கூறிய தாசன் யார்?

ஓசூரை அடுத்துக் காட்டோரமாக அமைந்த சானமாவு முதலிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு தெருவிலேயே வழங்கும். இவ்வெல்லைப்புறத்தில் மும்மொழியும் பயின்ற சைவர் ஒருவர் கிறித்தவ வேதாகமத்தை அம்மூன்று மொழியிலும் ஒருங்கு வைத்து, ஏசாயா தீர்க்கதரிசி நூலின் 53-ஆம் அதிகாரத்தை ஒப்பிட்டு நோக்குவாராயின், மதவாதங்களிற் பலகாலும் பேசப்பட்டுவரும் ஒரு பொருள் புதிய ஒளி பெறக் காண்பர்.

அவ்வதிகாரம் கடவுளின் தாசன் ஒருவனைப் பற்றியது. அவன் உருக்குலைந்து, பிறரால் இகழப்பட்டு, ஏனையோர் குற்றங்களின் பயனைத் தன்மேல் ஏற்று, ஆட்டுக்குட்டி போல வாய்திறவாது துன்புற்று, இறுதியில் உயர்த்தப்படுகின்றான். இஃது இயேசு சிலுவையிற் பட்ட பாட்டைப் பன்னூறாண்டுகட்கு முன்னரே அறிவித்த வாக்கு என்பது கிறித்தவர் கொள்கை. ‘எம் சமயம் ஒன்றே முன்னறிவிக்கப்பெற்ற சமயம்’ என்பதற்கு அவர் காட்டும் சான்றுகளில் இதுவே தலையாயது.

எபிரேய மொழியில் ஒருவரைச் சுட்டும் படர்க்கைச் சொல்லுக்கு உயர்வுப்பன்மை வழக்கு இல்லை. அரசனாயினும் அடிமையாயினும் ஒரே சொல்லே. தமிழிலோ ‘அவன்’ என்றல் வேண்டும், அல்லது ‘அவர்’ என்றல் வேண்டும். இரண்டிற்கும் நடுவே நிற்க இடமில்லை. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் வெளிவந்து, புரொட்டஸ்டண்டுக் கிறித்தவரிடை இன்றும் பெரிதும் வழங்கும் மொழிபெயர்ப்பின் கதைப்பகுதிகளில் மோசேக்கும் ‘அவன்’, தாவீதுக்கும் ‘அவன்’. பாரசீக மன்னனாகிய கோரேசு ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் ‘அபிஷேகம் பெற்றவன்’, அதாவது மேசியா, என்னும் பெயரையே பெறுகின்றான். அவனும் ‘அவன்’ தான். ஆனால் 53-ஆம் அதிகாரத்துத் தாசன் மட்டும் ‘அவர்’. இன்னும் வியப்பு, 42-ஆம் அதிகாரத்தின் முதலிற் கடவுள் தம் தாசனைப் புகழுமிடத்து உயர்வுப்பன்மை வருகின்றது. அவ்வதிகாரத்திலேயே பின்னர் அத்தாசனைக் குருடன் என்றும் செவிடன் என்றும் கடியுமிடத்து அன் விகுதி வருகின்றது. மூலத்தில் இரண்டிடத்தும் ஒரே சொல். புகழப்பட்டவன் கிறித்து, பழிக்கப்பட்டவன் இஸ்ரவேல் என்னும் தீர்ப்பு, உரையெழுதப் புகுமுன்பே விகுதியில் எழுதப்பட்டுவிட்டது!

தெலுங்கு மொழிபெயர்ப்பை எடுப்பின், சுவிசேடங்களில் இயேசுவுக்கு ‘ஆயன’ என்னும் உயர்வுச்சொல் வர, ஏசாயாவின் தாசனுக்கு வாளா ‘அதடு’ என்றே நிற்கின்றது. தாசன் யார் என்னும் வினா ஆண்டு திறந்தே கிடக்கின்றது. கன்னடத்திலும் வினைமுற்று ஒருமையே; எனினும் அம்மொழி வேதாகமம் கடவுளுக்கே ஒருமை வழங்குவதாதலின் அதிலிருந்து ஒன்றுந் துணிதற்கில்லை. 1995-இல் வெளிவந்த தமிழ்த் திருவிவிலியம் பலர்க்கும் பொதுவாகப் பன்மையே வழங்குதலின், பழைய மொழிபெயர்ப்பிற் காணும் அவ்வேறுபாடு அதிற் கூர்மை மழுங்கிற்று.

மொழிபெயர்த்தார் வேண்டுமென்றே வஞ்சித்தனர் என்று கூறுதல் நன்றன்று. தம் இரட்சகர் என்று நம்பியவரை ‘அவன்’ என எழுத அவர்க்குக் கை எழாது. (சிவபெருமானை ‘அவன்’ என்று பாடியே உருகும் நம்மனோர்க்கு இத்தடை விளங்குதல் சிறிது அரிது.) ஆயினும் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அமைச்சன் தேரிலமர்ந்து இப்பகுதியைப் படித்து, தீர்க்கதரிசி யாரைக் குறித்துப் பேசுகின்றார், தம்மையோ பிறரையோ, என்று பிலிப்புவை வினவுகின்றான். அது நேர்மையான வினா. தமிழிற் படிப்பவர்க்கோ அவ்வினா எழுமுன்னரே விடை பாதி கிடைத்துவிடுகின்றது.

இனி, நூற்பொருள் துணிதற்குரிய குறிகளாக நம் ஆசிரியர் கொண்ட உபக்கிரமம், உபசங்காரம், அப்பியாசம் முதலியவற்றை இங்கு வைத்து நோக்குக. ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள பகுதி பாபிலோனியச் சிறையினின்று மீளும் மக்களுக்கு ஆறுதல் கூறித் தொடங்கி, அவர் மகிழ்ந்து புறப்படுதலோடு முடிகின்றது. இடையே ‘என் தாசன்’ எனப்பட்டவன் இஸ்ரவேலே என 41, 44, 45, 49-ஆம் அதிகாரங்கள் பெயர்கூறியே பயில்கின்றன. இவ்வப்பியாசம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தாசன் எனப்பட்டது சிதறுண்டு துன்புற்ற யூத மக்களே என யூதர் கூறியதாக மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகன் என்னும் கிறித்தவ ஆசிரியரே எழுதிவைத்தார். 1040 முதல் 1105 வரை வாழ்ந்த இராஷி என்னும் யூத உரைகாரர் கொள்கையும் அதுவே. 1263-இல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில் நிகழ்ந்த வாதத்தில், யூத குருவாகிய நாமானிடர், சில பழங்கதைகள் இதனை மேசியாமேல் ஏற்றுவதை மறையாது ஒப்புக்கொண்டு, நேர்ப்பொருள் இஸ்ரவேலே என்று நிறுவினார்.

எதிர்ப்பக்கத்து வலிமையையும் மறைத்தல் தகாது. 49-ஆம் அதிகாரத்திலேயே இஸ்ரவேலை மீட்டுக் கொணர்தல் தாசனுடைய பணியெனக் கூறப்படுகின்றது. மக்களே தாசனாயின் தம்மைத் தாமே மீட்டல் எங்ஙனம்? 53-ஆம் அதிகாரமும் ‘என் மக்களின் குற்றத்திற்காக’ என்று தாசனையும் மக்களையும் வேறு பிரிப்பதுபோல் நிற்கின்றது. யூதரது அரமேய மொழிபெயர்ப்பாகிய தர்கும் தாசனை மேசியா என்றே கொண்டு, துன்பங்களை மட்டும் பிறர்மேல் ஏற்றிவிட்டது. இப்பகுதி பின்னர்ச் செருகப்பட்டது என்பார் உளராயின் அதுவும் நில்லாது. 1947-இல் சாக்கடற் குகையொன்றிற் கிடைத்த, கிறித்துவுக்கு முற்பட்ட சுருளில் இவ்வதிகாரம் முழுவதும் உள்ளது.

ஆதலின் இயேசுவின் அடியார் தம் தலைவர் மாண்டபின் இப்பழம் பாட்டிலே அவர் முகத்தைக் கண்டனர் என்பது இயல்பே. அவர் அன்பிற்கு அது சான்று. அவ்வன்பில்லாதார்முன் அதனை அளவையாக நிறுத்துங்கால், காட்டவேண்டிய பொருளையே ஏதுவாகக் காட்டும் குற்றம் எய்தும். இருக்கு வேதத்து ஒரு சொல்லைப் பிடுங்கிப் பிற்காலத்து நாயனார் ஒருவரை முன்னறிவித்தது என்று சைவர் துணியினும் குற்றம் ஒன்றே.

வாதிக்கவேண்டுவது வேறொன்று. துன்புற்ற கடவுளா என்று எள்ளி நகுதல் சைவர்க்கு அடாது. நஞ்சுண்டு அமரரைக் காத்தவனும், மண்சுமந்து பாண்டியன் பிரம்படி பட்டவனும் நம் பெருமானே. ஆனால் அவ்வடி எல்லா உயிரினும் பட்டது. அவன் எவ்வுயிரினும் உள்நிற்றலை அது காட்டிற்றேயன்றி, ஒருவர் வினையை மற்றொருவர்மேல் மாற்றிற்றில்லை. தீக்கையிலே சஞ்சிதம் எரியுங்கால் குருவின்மேல் அது ஏறுவதும் இல்லை. செய்தவனை விட்டு வினைப்பயன் வேறொருவனைச் சென்று பற்றும் என்பதே சித்தாந்தம் ஒவ்வாத இடம்.

கிறித்தவ வேதாகமத்தை நன்கு கற்று, பெர்சிவல் பாதிரியார்க்கு அதன் தமிழாக்கத்தில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1854-இல் அவர் இயற்றிய ‘சைவதூஷண பரிகாரம்’ சைவக்கிரியைகட்கு ஒத்தவற்றை அவ்வேதாகமத்திலிருந்தே எடுத்துக்காட்டிற்று. அம்முறை ஈண்டும் பயன்படும். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம், தந்தையின் குற்றம் மகனைச் சாராது, மகன் குற்றம் தந்தையைச் சாராது, செய்த உயிரே அதன் பயனை நுகரும் என விரித்துரைக்கின்றது. பாபிலோனியச் சிறையிலிருந்தே எழுந்த குரல் அதுவும். ஏசாயா 53-ஐ ஏந்திவரும் போதகர் கையிலுள்ள அதே நூலில், சில ஏடுகளுக்கு அப்பால் அது இருக்கின்றது.