கரணை நறுக்கும் நொதி

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் விதைக் கரும்பு நறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கத்தி பருவைத் தொடாது. இரண்டு கணுக்களுக்கு நடுவே இறங்கும். ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை, மூன்று பருக் கரணை எனக் குவியல் சேரும். உயிரணுவின் கருவுக்குள் டி.என்.ஏ. சுருண்டு கிடக்கும் விதத்தை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்தக் குவியல்தான் கண்முன் வரும்.

மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற நொதியும் இப்படித்தான் நறுக்குகிறது. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிய பகுதியை விட்டுவிட்டு, இடைப்பட்ட இணைப்பில் வெட்டுகிறது. துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டால் ஏறத்தாழ 200, 400, 600 கார இணை நீளங்களில் பட்டைகள் ஏணிப்படிகளாக நிற்கும். 1973இல் எலிக் கல்லீரலின் கருக்களில், அவற்றிலேயே இருந்த நொதி வெட்டியதில், ஹியூவிஷும் பர்கோயினும் இந்த ஒழுங்கைக் கண்டார்கள். மறு ஆண்டே ராஜர் கார்ன்பெர்க், ஹிஸ்டோன்களும் அவற்றைச் சுற்றிய டி.என்.ஏ.வும் சேர்ந்த அலகான நியூக்ளியோசோமின் மாதிரியை முன்வைத்தார். ஒரு நொதி, ஒரு ஜெல். அவ்வளவு எளிய கருவிகளிலிருந்து இத்தனை பெரிய உண்மை கிடைத்தது இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

ஆனால் கத்திக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. அடினைன், தைமின் மிகுந்த இடங்களை இந்த நொதி விரும்பி வெட்டும். கால்சியம் இருந்தால் வேலை செய்யும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் நிற்கும், அதை எந்த நிமிடத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் படமே மாறிவிடும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.ஜே. ராவ், எஸ்.கே. பிரம்மச்சாரி, எம்.ஆர்.எஸ். ராவ் மூவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். எலியின் விரையிலிருந்து, குன்றல் பிரிவின் பாக்கிடீன் கட்டத்தில் இருக்கும் உயிரணுக்களின் கருக்களை எடுத்து, கல்லீரல் கருக்களோடு ஒப்பிட்டார்கள். மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் இரண்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டும் ஒன்றே என்று எழுதியிருப்பார்கள். டி.என்.ஏஸ்-1 என்ற வேறொரு நொதியைக் கொண்டு வெட்டியபோது, விரைக் குரோமாட்டின், அதாவது டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த கட்டு, 25 விழுக்காடு கூடுதலாக இடம்கொடுத்தது. அங்கே வழக்கமான ஹிஸ்டோன்கள் சிலவற்றின் இடத்தைப் பெரும்பாலும் விரைக்கே உரிய வகைகள் பிடித்திருந்தன, கட்டு நெகிழ்ந்திருந்தது.

இன்று துண்டுகளை லட்சக்கணக்கில் வரிசைப்படுத்தி, மரபணுத்தொகை முழுதுக்கும் வரைபடம் போடுகிறார்கள். பழைய குறை அதில் மறைந்துகொள்கிறது. எளிதில் சிதையும் நியூக்ளியோசோம் முதல் சில நிமிடங்களிலேயே அழிந்துவிட்டால், அந்த இடம் வெறுமையானது என்று பதிவாகிவிடும். ஈஸ்டின் மரபணுத் தொடக்கப் பகுதிகள் பற்றிய சர்ச்சை இதையொட்டியே எழுந்தது. குறைந்த நொதியில் ஒரு தடவை, கூடிய நொதியில் ஒரு தடவை, புரதம் நீக்கிய வெறும் டி.என்.ஏ.வை வைத்து ஒரு தடவை: இந்த மூன்றும் பக்கத்தில் இல்லாத வரைபடத்தை என் மாணவர்கள் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.